தோடிக்கு நடுவே ஓர் இருமல்

வாழவந்தி அங்கப்பனுக்கும் சங்கீதத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஒரே ஒருமுறை இருமியதைத் தவிர.

எழுபத்து நான்காம் வருஷம் எஸ்டேட் பங்களாவில் ஒரு வீணை வித்வானின் வாசிப்பை ஒலிப்பதிவு செய்தார்கள். நாயோ ஆளோ சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள ஜன்னலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அங்கப்பன். தோடி ஆலாபனையில் வித்வான் சற்றே நிறுத்திய இடத்தில், பீடி பழகிய நெஞ்சு காலை வாரிவிட்டது. இருமிவிட்டார். வித்வான் மறுபடி வாசிக்க மறுத்துவிட்டதால், இசைத்தட்டு இருமலோடேயே வெளிவந்தது.

தொண்ணூற்று மூன்றில் அதன் மூல டேப்பை டிஜிட்டலுக்கு மாற்றப் போனால், பூச்சு உரிந்து, சரியாக அந்த இருமல் மட்டும் போயிருந்தது. கம்பெனி இன்ஜினியர் ஏசுராஜ் மைக்கும் பெட்டியுமாக வாழவந்திக்கே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"இசைத்தட்டுலேர்ந்து எடுத்தா கீறல் சத்தம் வருது. உங்க இருமலுக்குப் பதில் சொல்ற மாதிரிதான் வித்வான் அடுத்த சங்கதியையே பிடிச்சார். நீங்க இருமலேன்னா அது அநாதையா நிக்குது ஐயா."

"பீடிய உட்டு வருசக்கணக்காச்சுங்களே. இப்ப நெஞ்சு நொம்ப சுத்தமுங்க" என்றார் அங்கப்பன், குற்றம் செய்தவர் போல.

ஆனாலும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்து இருமினார். "இது பஸ்ஸை நிறுத்தற இருமல்" என்றார் ஏசுராஜ். அடுத்தது, மாமனார் வீட்டு வாசலில் நின்று இருமுவது போலிருந்ததாம். இசைத்தட்டிலிருந்து எடுத்து வந்த பழைய இருமலைக் கேசட்டில் போட்டுக் காட்டினார். அங்கப்பன் கண்ணை மூடிக் கேட்டார். எவ்வளவு வாலிபமான இருமல்! மனசு சுருங்கிப் போயிற்று.

அந்நேரம் அவர் மனைவி முத்தாயி, வந்தவருக்குச் சட்னி அரைக்க அடுப்பில் மிளகாய் வறுத்தாள். நெடி முதலில் அவளுக்கே ஏறியது. பிறகு வீடே இருமியது. கண்ணீர் வழியப் பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்ட ஏசுராஜ் துள்ளி எழுந்தார்.

"இதேதான்! இழைகூட மாறலை!"

"பாத்தீங்களா!" என்று அங்கப்பன் நிமிர்ந்தார்.

"இது வீட்டம்மா இருமினதுங்க."

அன்றைக்கு அங்கப்பன் சாப்பிட உட்காரவில்லை. "ஏனுங்க, ஒரு இருமலுக்குப் போயா கோவிச்சுக்குவாங்க? அதையும் நீங்களே வெச்சுக்கங்க" என்று முத்தாயி தட்டை நகர்த்தி வைத்தாள்.

குறுந்தகடு வெளியானதும், 'அந்த இருமலின் ஆண்மைக் கம்பீரம் டிஜிட்டலில்தான் முழுதாகத் தெரிகிறது' என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஏசுராஜ் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டு அதை வாசித்துக் காட்டினார்.

"அப்பறமென்னங்க, நல்லாத்தான இருமியிருக்கறேன்" என்றார் அங்கப்பன்.

அதற்குப் பிறகு சளி பிடித்தால்கூட, நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து நின்று, நிதானமாகத்தான் இருமுவார்.