பெரட்டு ஆட்டம்

கணக்கு என்றால் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாய் கட்டிப்போகும். பண்டாரவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில், கடைசிக் காம்பரா அறையில் நடந்த பள்ளிக்கூடம் அது. வாத்தியார் நான் ஒருவன்தான். நாற்பதிலிருந்து ஒன்பதைக் கழி என்று பலகையில் எழுதினால், நாற்பத்தொரு பிள்ளைகளும் என் முகத்தையே பார்ப்பார்கள். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. பிரம்பை எடுப்பேன். அப்புறம் தெரிந்த கூட்டல்கூட அவர்களுக்கு மறந்துபோகும்.

அந்த வருடம் தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். பதுளையிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று அவர் எழுதினால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, எட்டு வயது தாண்டிய எல்லாரையும் புல்லு வெட்ட அனுப்பிவிடுவாராம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் பிள்ளைகள் மண்வெட்டியோடு மலை ஏறுவதுதான் தெரிந்தது.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் பெரட்டு ஆட்டம். விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் களத்தில் வரிசையாக நின்று, தலை எண்ணி, வேலைக்குப் பிரிந்து போவதைப் பெரட்டு என்போம். பிள்ளைகள் நடை பழகிய நாளிலிருந்து பார்ப்பது. அதையே வகுப்புக்குள் கொண்டுவந்தேன். பிள்ளைகள்தான் ஆட்கள். துரை நான். ஆட்களை எண்ணித் துரையிடம் கணக்குச் சொல்லும் கங்காணி, ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. இரண்டு லயம் தள்ளிக் கேட்கும் குரல் அவளுக்கு.

"காய்ச்சக்காரங்க ஆறு, புள்ளக்காரிங்க மூணு, மிச்சம் முப்பத்திரெண்டு தொரை!" என்பாள்.

"கொழுந்து பறிக்க இருபது. மிச்சம்?" என்பேன் நான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"பன்னெண்டு!" என்று வரிசையே கத்தும். ஒரு மாதத்தில் வகுத்தல்வரை வந்துவிட்டோம். பிரம்பைத் தொடவே இல்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதே கணக்கைப் பலகையில் எழுதினால் மறுபடியும் அதே ஊமை முகங்கள். இன்ஸ்பெக்டர் வரும்போது அசல் துரையும் பக்கத்தில் நிற்பாரே! அவர் முன்னாலேயே துரை வேஷம் கட்டும் வாத்தியாரை எந்தத் தோட்டம் வைத்துக்கொள்ளும்?

அந்த நாளும் வந்தது. இன்ஸ்பெக்டர், துரை, பெரிய கங்காணி மூவரும் உள்ளே நுழைந்தார்கள். பிள்ளைகள் நான் சொல்லாமலே எழுந்து, வரிசை கட்டி, கையைக் கட்டித் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு கழித்தல் கேட்டார். பதில் இல்லை. சுலபமான இன்னொன்று கேட்டார். அதற்கும் இல்லை. துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரட்டில் துரை நின்றால் ஆட்கள் வாய் திறப்பதில்லை. முதலில் கங்காணி பேச வேண்டும். அந்த வழக்கத்தையும் சேர்த்தல்லவா ஒரு மாதமாகப் பழக்கியிருக்கிறேன், மடையன்!

வேறு வழி இல்லை. "கங்காணி, ஆள் சொல்லு" என்றேன். பெரிய கங்காணி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணோ வரிசையை விட்டு வெளியே வந்து, என்னைத் தாண்டிப் போய், அசல் துரையின் முன்னால் நின்றாள்.

"நாப்பத்தோரு பேருங்க தொரை. காய்ச்சல் நாலு. மிச்சம் முப்பத்தேழு."

துரையின் முகம் சிவந்தது. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் வாயிலிருந்த பைப்பை எடுத்தார். பல வருடப் பழக்கமோ என்னவோ, "கொழுந்துக்குப் பதினெட்டு" என்றார்.

"மிச்சம் பத்தொம்பது தொரை!" என்றது வரிசை முழுவதும்.

அதன் பிறகு அவரும் விடவில்லை, பிள்ளைகளும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே புத்தகத்தில் எழுதினார். பள்ளிக்கூடம் பிழைத்தது. அவர்களை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தேன்.

துரையின் குதிரை போவதைப் பார்க்க வாசலில் நின்ற அந்தப் பெண் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"வாத்தியாரையா! தொரை எனக்கு வயசு எத்தனைன்னு கேட்டாரு. ரொம்பக் கெட்டிக்காரப் புள்ளையாம். நாளையிலேருந்து நெசப் பெரட்டுக்கே வரச் சொல்லிட்டாரு. பெரிய கங்காணி பேர் எழுதிக்கிட்டாரு!"

அவளை வேலைக்குப் பழக்கிக் கையில் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். அது அவளுக்குத் தெரியவில்லை. ஆட்டத்தில் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு நின்றாள்.

மற்ற பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நாங்களும் நல்லாத்தானே சொன்னோம், வாத்தியாரையா? எங்க பேரையும் எழுதிக்கச் சொல்லுங்க."