‘அ’ விரல்

என் அக்காவை டைப்பிஸ்ட் அக்கா என்றால்தான் எங்கள் தெருவில் தெரியும். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓர் அரசு அலுவலகத்தின் ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தவள், அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. அதிகாரி வாயை மூடுவதற்குள் கடிதம் பிரிண்டரில் வந்து விழும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. வீட்டில் காய் நறுக்கச் சொன்னால் மட்டும் அந்தக் கை வலிக்கும்.

யார் கண் பட்டதோ, ரிக்கார்டு ரூமில் இரும்பு பீரோவின் கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டதில் அவளுடைய இடக்கைச் சுண்டுவிரல் நசுங்கியது. எலும்பு கூடியது. விரல் கூடவில்லை. கட்டைப் பிரித்தபோது மற்ற நான்கு விரல்களோடு பேச்சுவார்த்தை இல்லாததுபோல் தனியாக விறைத்துக்கொண்டு நின்றது.

சுண்டுவிரல்தானே, என்ன குடியா முழுகிவிடும் என்று நானும் நினைத்தேன். முழுகத்தான் செய்தது. அவர்கள் ஆபீஸ் கீபோர்டில் அந்த விரலுக்குக் கீழே இருக்கும் எழுத்து ‘அ’. அக்கா திரையைப் பார்த்து அடிப்பவள் இல்லை, தாளைப் பார்த்து அடிப்பவள். விரல் அடித்துவிட்டது என்று அவள் நம்பினாள், விரலோ இருந்த இடத்திலேயே இருந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று அவள் அடித்த முதல் கடிதம் ‘னுப்புநர்’ என்று தொடங்கி, ‘ன்புடையீர்’ என்று விளித்து, ‘னுமதி’ கேட்டு முடிந்தது. மத்தியானத்துக்குள் அவளுக்கு ‘னுப்புநர் மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்து விரலால் அடிக்கக் கூடாதா என்று கேட்டேன். அது நகர்ந்தால் ‘இ’ இடம் மாறும், ‘இ’ மாறினால் ‘உ’ தடுமாறும், இருபது வருஷமாக உட்கார்ந்த வரிசையை இப்போது கலைக்க முடியாது என்றாள்.

தலைமை எழுத்தர் நல்ல மனுஷர்தான். மருத்துவ விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் ஒரு வேகத் தேர்வு வைக்கிறோம், தேறினால் பழைய மேசை, தேறாவிட்டால் கீழே தபால் பிரிவில் உறை ஒட்டலாம் என்று தணிவாகச் சொல்லியிருக்கிறார். சம்பளம் குறையாதாம். அதையே பிடித்துக்கொண்டு நான் சமாதானம் சொல்லப் போனேன்.

“சம்பளத்தையாடி கேட்டேன்? அந்த ஆபீஸ்ல என் கையைத் தவிர என்னை யாருக்கும் தெரியாது” என்றாள்.



உடற்பயிற்சி சிகிச்சை தரும் பெண் முதலில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். நாலு விரலும் அமுக்கின, ஐந்தாவது வேடிக்கை பார்த்தது. பந்து சலிப்பாக இருந்தால் கிட்டார் கற்றுக்கொள்ளுங்களேன் என்று அவள் விளையாட்டுக்குச் சொல்லிவைக்க, அக்கா அதை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டாள். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த சங்கீதம் குக்கர் விசில் ஒன்றுதான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று, முன்பு குடியிருந்த யாரோ பரண்மேல் விட்டுப்போன கிட்டாரை இறக்கித் துடைத்தோம். போனில் ஓர் ஆப் இறக்கினோம். அதுவே காதுகொடுத்துக் கேட்டு எந்தக் கம்பியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லியது. இலவசப் பகுதியில் வீடியோ கிடையாது. ஆறு கம்பிகளும் குறுக்கே கட்டங்களும் போட்ட படமும், அதன்மேல் விரல் எண் குறித்த புள்ளிகளும், தேன் ஒழுகும் ஒரு பெண்குரலும்தான்.

முதல் விரலை முதல் கட்டத்தில் வையுங்கள் என்றது குரல். அக்கா சுண்டுவிரலை வைத்து, வலக்கையால் கம்பியை மீட்டினாள். டொக் என்றது, அவ்வளவுதான். திரை சிவந்தது. ஒலி நீடிக்கவில்லை, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள், மறுபடி முயற்சி செய்யுங்கள் என்றது குரல்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் டொக், மறுபடி முயற்சி செய்யுங்கள், டொக், மறுபடி முயற்சி செய்யுங்கள். அந்தக் குரலுக்கு ஒரு கழுத்து இருந்திருந்தால் நான் நெரித்திருப்பேன். நான் மருந்துக்கடைக்கு வேலைக்குக் கிளம்பும்போது கட்டிலில் எப்படி உட்கார்ந்திருந்தாளோ, திரும்பி வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பாள். விரல் நுனி தோலுரிந்து, காய்ந்து, திரும்ப உரிந்தது. முதல் பாடத்தையே தாண்ட முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் கிட்டாரின் மேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். போதும், தூக்கிப் போடு என்றேன். தூக்கிப் போட்டுட்டு எதைப் பிடிச்சுக்கறது என்று கேட்டாள்.

கடைசியில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். இரவில் லாரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். சண்டைக்குத்தான் வந்தார், ஆனால் அக்காவின் கையைப் பார்த்ததும் கோபம் மறந்து நின்றுவிட்டார். வயசுக் காலத்தில் அவரும் கச்சேரிக் குழுவொன்றில் கிட்டார் வாசித்தவராம்.

“என்னம்மா சுண்டுவிரலை வச்சு மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க? முதல் விரல்னா ஆள்காட்டி விரலும்மா.”

அக்கா அவரையே பார்த்தாள். நானும்தான். விரல் விட்டு எண்ணினால் எங்களுக்குச் சுண்டுவிரலில்தான் ஒன்று. டைப்பிங் வகுப்பில் அவள் முதன்முதலில் அடித்ததும் அந்த விரலால்தான், அடித்த எழுத்து ‘அ’. முதல் விரல் எது என்பதில் அவளுக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

அவர் போனதும் ஆள்காட்டி விரலை வைத்து மீட்டினாள். கணீரென்று வந்தது. திரை பச்சையாகி நட்சத்திரங்களைக் கொட்டி, அருமை, நீங்கள் அடுத்த பாடத்துக்குத் தகுதி பெற்றுவிட்டீர்கள் என்று குழைந்தது. அடுத்தவர் வீட்டுப் பரிசு தவறி வந்ததுபோல் அக்கா அதைப் பார்த்தாள்.

“இது நல்ல விரல்டி. நல்லா இருக்கற விரலுக்கு எதுக்குப் பாடம்?”

முதல் பாடத்துக்கே திரும்பிப் போனாள். சுண்டுவிரலை வைத்தாள். டொக். மறுபடி முயற்சி செய்யுங்கள். இவ்வளவு நாளும் தப்பென்று தெரியாமல் செய்ததை இனித் தெரிந்தே செய்தாள், அதுதான் வித்தியாசம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவாள். ஒலி அடங்கும்வரை விரலை எடுக்க மாட்டாள். பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது அந்தக் கம்பி பேசியது. மெல்லிசாகத்தான், ஆனால் நீடித்தது. திரையும் பச்சையானது. வாய்விட்டுச் சொன்னால் ஓடிப்போய்விடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பயம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் அன்றுமுதல் சாப்பாட்டு மேசையின் மேல் விரல்களை ஓட்டிப் பழகினாள். சுண்டுவிரல் தன் முறை வரும்போதெல்லாம் இறங்கியது. என் அக்கா பழைய மேசைக்குப் போய்விடுவாள் என்று நான் முழுசாக நம்பினேன். மேசைப்பலகை பிழை காட்டாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

தேர்வன்று சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு தாளை என்முன் வைத்தாள். முதல் வார்த்தையைப் படித்தேன்.

‘அஅஅஅஅனுப்புநர்.’

அதன் கீழே ‘அஅஅஅன்புடையீர்’. அதற்கும் கீழே ‘அஅஅஅஅஅனுமதி’. பக்கம் முழுக்க அப்படித்தான். விரல் இறங்கியிருக்கிறது, இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கீபோர்டில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் அது பாட்டுக்கு விழுந்துகொண்டே இருக்கும், இவளோ வழக்கம்போலத் தாளைப் பார்த்து அடித்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, கஷ்டப்பட்டு விழுங்கினேன். முன்பு ‘அ’வைக் காணோம் என்று தேடினோம், இப்போது வாரி இறைத்திருக்கிறீர்களே என்றாராம் தலைமை எழுத்தர். அடுத்த தேர்வு எப்போது என்று தெரியாதாம். அது வரும்போது மறுபடி முயற்சி செய்யுங்கள் என்றாராம்.

“அதே வார்த்தைடி” என்றாள் அக்கா. சுண்டுவிரலை மடக்கினாள், நீட்டினாள், திரும்ப மடக்கினாள். அது சொன்னபடி கேட்டது. “விரல் வந்துடுச்சு. வேலை போயிடுச்சு. அழுத்து அழுத்துன்னுதான் அந்த ஆப் சொல்லிக்குடுத்துச்சு. எடுன்னு ஒரு தடவைகூடச் சொல்லலை.”

பிறகு அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்ய.

திங்கட்கிழமையிலிருந்து அக்காவுக்குக் கீழ்த்தளத்தில் வேலை. ஜன்னல் கிடையாது. வேறு யாரோ அடித்த கடிதங்கள் மேலேயிருந்து வரும், ஒவ்வொன்றிலும் முதல் வார்த்தை ‘அனுப்புநர்’. அவள் மடித்து உறையில் போட்டுப் பசை தடவி மூடுகிறாள். பசை காயும்வரை ஓரத்தைச் சுண்டுவிரலால் அழுத்தியே பிடித்திருக்கிறாள். அவள் ஒட்டிய உறைகளில் ஒன்றுகூடப் பிரிவதில்லை என்று அங்கே எல்லோருக்கும் சந்தோஷமாம்.