நாகப்ப பிள்ளை என்னை உட்காரவைத்த நாள்

தபால் பையோடு மலையேறி வந்த ஆறுமுகம், பையை இறக்காமலே சொன்னார்: "பதுளையில நாகப்ப முதலாளி போயிட்டாருங்க." என் மருந்துச்சாலையில் மருந்துக்கு நின்றவர்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

நாகப்ப பிள்ளை பதுளைக் கடைவீதியில் ஜவுளி வியாபாரி. நமுனுகுலத் தேயிலைத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டியில் சேலை கொண்டுவருவார். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளிகளும் எங்களைப் போன்ற உத்தியோகஸ்தர்களும் ஒருசேர நம்பிய மனிதர்.

நான் தோட்டத்து மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கச் சேர்ந்த புதிதில், காளியம்மாள் என்ற ஏழு மாதக் கர்ப்பிணி வயிற்றுவலி என்று இரண்டு நாள் வந்தாள். வேலைக்குப் போகாமலிருக்கப் பொய் சொல்கிறாள் என்று திருப்பியனுப்பினேன். மூன்றாம் நாள் பிறந்த பெண் குழந்தை மூச்சுவிடவில்லை. அதன்பின் லயத்திலிருந்து ஒருவரும் என்னிடம் வரவில்லை. காய்ச்சல் பரவியபோதும் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். என் மேல் தவறில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேலை விற்க வந்த பிள்ளை முதலில் லயத்துக்காரர்கள் பேச்சைக் கேட்டார், பிறகு என்னுடையதை. பின்பு என்னைக் காளியம்மாளின் லயத்துக்கே கூட்டிப்போய்த் தரையில் உட்காரவைத்தார். "தம்பி, அவ பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது." அவள் கணவர் மாரிமுத்துவிடம், "அடிக்கணும்னு தோணுனா எந்திரிச்சு வெளிய போயிட்டு வா" என்றார்.

"வலியில உக்காந்து உக்காந்து நடந்து வந்தேங்க," என்றாள் காளியம்மாள். "வயித்தத் தொட்டுக்கூடப் பாக்காம பொய்யின்னுட்டீங்க."

எத்தனையோ பதில்கள் வைத்திருந்தேன். "பார்த்திருக்கணும் தாயி. பார்க்காதது என் குத்தம்" என்பது மட்டுமே வாயில் வந்தது.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று பிள்ளை கேட்டார்.

"நா பொய் சொல்லலன்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். வலின்னு வர்றவள இனிமே பாக்காம அனுப்பக் கூடாது."

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்கு வரிசையாக நின்றபோது அதைச் சொன்னேன். மத்தியானமே மாரிமுத்து தன் அண்ணன் மகளைக் காய்ச்சலோடு தூக்கிவந்தார். அவள் பிழைத்துக்கொண்டாள்.

பிள்ளை நோயாளியின் பக்கமே பேசுபவர் அல்லர். மருந்தைக் கீழே கொட்டிவிட்டு என்னைத் திட்டிய ஒருவரிடம், "கொட்டுனத மொதல்ல சொல்லுங்க, அப்பறம் திட்டுங்க" என்றிருக்கிறார்.

சேதி வந்ததும், பிள்ளை வீட்டுக்குத் துக்கம் கேட்கக் காளியம்மாளும் மாரிமுத்துவும் நானும் ஒன்றாகவே மலையிறங்கினோம். வழியில் அவள் சொன்னாள்: "அன்னைக்கி நீங்க போனப்புறம், புள்ளைக்குப் பேரு நெனச்சு வச்சிருந்தியாம்மான்னு முதலாளி கேட்டாருங்க. வேற யாரும் கேக்கல."

"என்ன பேரும்மா?" என்றேன்.

"செல்லக்கிளி."

நோயாளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் வழக்கத்தோடு, அந்தப் பெயரையும் பிள்ளையிடமிருந்து பெற்றதாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.