மூன்று நல்ல பற்கள்

டொக்டர் ஒரு பஞ்சுத் துண்டால் என் கன்னத்தைத் தொட்டதும் மின்னல் வெட்டியது.

"பல்லுக்குத்தெண்டால் நிண்டு வலிக்கும். இது தொட்ட உடனே வெட்டுது. இது நரம்பு, பல்லில்லை" என்றார்.

அம்மாவின் நினைவு வந்தது. யுத்தகாலம், நான் சின்னப்பிள்ளை. திருகோணமலைத் துறைமுகத்தில் அப்பாவுக்கு வேலை. கடற்காற்று முகத்தில் பட்டாலே அம்மா குசினிக்குள் அடுப்படியில் துடித்துப்போவா. வாயில் எப்போதும் பல்வலிக்குக் கடித்த கராம்பு மணக்கும். வலக்கன்னத்தில் தண்ணீர் படவே விடமாட்டா. "சூத்தைப் பல்லுதான்" என்று அப்பா கூட்டிப்போய் ஒன்றைப் பிடுங்குவித்தார். பிறகு அடுத்தது. பிறகு இன்னொன்று. மூன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தன. என் பால்பல்லைப் போல அவற்றையும் கூரையில் எறிந்து, அம்மாவுக்குப் புதுப்பல் தரச்சொல்லி அணிலிடம் கேட்டேன்.

மூன்றாவதையும் பிடுங்கிய பிறகு, "இப்ப சுகம்" என்றா அம்மா. அதன் பிறகு அவ கதைக்கவேயில்லை. என்னில் கோபமாக்கும் என்று நினைத்து நானும் கதைக்காமல் விட்டேன். யுத்தம் முடியமுதலே அம்மா செத்துப்போனா.

"குளிசை தாறன். ஆனால் முழுசா மாறாது" என்றார் டொக்டர்.

வெளியே வந்ததும் கூட வந்த மகள் கேட்டாள்: "ஏனம்மா கதைக்கிறியள் இல்லை? என்னோட கோவமோ?"

இல்லையென்று சொல்ல வாயைத் திறந்ததும் கன்னத்தில் மின்னல் வெட்டியது; எனக்குக் கதைக்க ஏலவில்லை.