தாய்வீட்டு மண்

ஒரு தாய்வீட்டின் விலை பதினெட்டாயிரம் ரூபாய். கொடுத்து வாங்கியவன் நான். இது நடந்தது. நான் வியாபாரி; பொய் சொன்னால் இலாபத்துக்குத்தான் சொல்வேன். இதில் எனக்கு ஒரு சதமும் வரவில்லை.

செங்கலடியில் பழைய ஓடு, மரம், கதவு வாங்கி விற்கிறேன். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வீடு இல்லாமல் மகளுக்குக் கலியாணம் இல்லை. குடி என்கிற வம்சப் பெயரும் தாய்வழிதான். புதிதாக ஒரு பெண்ணைக் கண்டால் பெரியவர்கள் பேரைக் கேட்பதற்கு முன் “என்ன குடி?” என்று கேட்பார்கள். என் ஒரே மகள் தக்ஷாயினிக்கு ஆவணியில் கலியாணம். அவளோ கல்வீடு வேண்டாம், மண்வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“அமெரிக்காவில பியூப்ளோ எண்டு ஒரு சனம் இரிக்குப்பா. மண்ணாலதான் வீடு. அங்கயும் கனபேருக்குத் தாய்வழிதான். சுவரப் பொம்புளையள்தான் கையால பூசுற.”

“அவங்களும் சீதனம் கேக்கிறாங்களோ?” என்றேன். முறைத்தாள்.

பழைய சுவர்மண்ணை ஊறவைத்துக் குழைத்தால் வெடிப்பு விழாது என்றார் மேசன். தேற்றாத்தீவில் ஆளில்லாத மண்வீடு ஒன்று அகப்பட்டது. விற்க வந்தவன் பெயர் சீனித்தம்பி. முப்பதாயிரம் சொன்னான். இருபத்திரண்டில் முடியும் என்ற கணக்கில் நான் பதினெட்டு என்றேன்.

“ஏத்துங்கண்ணன்,” என்றான்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

“வீடு ஆர்ர பேரில?”

“தங்கச்சிர. றஞ்சிதா. அவ இப்ப இல்ல.”

செத்துப்போனாள் என்று எடுத்துக்கொண்டேன். மலிவாக வந்த சாமானைப் பற்றி இரண்டாம் கேள்வி கேட்பது என் தொழிலில் வழக்கமில்லை.

நாவற்குடாவில், வாவிக்கரையில், அந்த மண்ணில் மகளின் வீடு எழும்பியது. அன்று பகல் பன்னிரண்டு மணி. உச்சிப்பொழுது. மேசன்மார் சாப்பிடப் போயிருந்தார்கள். வாவி அசையாமல் கிடந்தது. ஒரு காகம்கூட இல்லை.

உள்ளே ஒரு சத்தம். சர்ர்... சர்ர்... ஈரமண்ணைக் கையால் இழுத்துப் பூசும் சத்தம். மகள்தான் என்று உள்ளே போனேன்.

அறையில் யாரும் இல்லை. சுவரில் ஈரம் மட்டும். என் கண் முன்னாலேயே அது மேலே ஏறியது. ஐந்து விரல் கோடு...

“என்ன குடி?”

பெண்குரல். சுவருக்குள்ளிருந்து.

உச்சியில் கேட்கும் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

“என்ன குடி, புள்ள?”

பக்கத்து அறையிலிருந்து பதில் வந்தது.

தக்ஷாயினி.

அவள் சொன்னது தாயின் குடியை இல்லை.

சர்ர்...

நின்றது.

ஓடினேன். சுவரோடு முகம் வைத்து நின்றாள்.

“என்ன மனே சொன்னாய்?”

“நான் ஒண்டும் சொல்லல்லியேப்பா. இப்பதான் வந்தன்.”

முழங்கைவரை மண். காய்ந்து வெடித்திருந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு பெண் அந்த வாசலில் வந்து நின்றாள். குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவளாம். பெயர் றஞ்சிதா; மண் போன இடத்தைத் தமையனிடம் கேட்டு வந்தாளாம். செத்தவள் என்றால் பூசாரியைக் கூப்பிடலாம். உயிரோடு வந்தால் யாரைக் கூப்பிடுவது? கேட்ட விலை தருகிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

“காசு வேணாண்ணன். அங்க பகல்ல கண்ணயர்ந்தா ஒரு கனவு வரும். புதுச் சுவர் ஒண்டப் பூசுவன். ஒரு ஆம்புள வாயப் பொத்திக்கிட்டு நிப்பார். நீங்கதான். குடியக் கேப்பன். ஒருநாள் ஒரு புள்ள எங்கட குடியச் சொல்லிச்சி. அதோட கனவு நிண்டுட்டு.”

தேத்தண்ணி கொண்டுவந்த தக்ஷாயினியை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“எனக்குப் பொம்புளப்புள்ள இல்ல. எங்கட குடி என்னோட முடிஞ்சிது எண்டு இரிந்தன்.”

ஆவணியில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா மணவறையில் வைத்தே மகளிடம் குடி கேட்டாள். பெற்றவள் பக்கத்தில் நிற்க, தக்ஷாயினி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அன்று சொன்ன அதே குடிப்பெயர்.

பெற்றவளின் குடியில் பெண் ஒன்று குறைவு. றஞ்சிதாவின் குடியில் ஒன்று கூட.

கணக்கு சரி.