மஞ்சள் வட்டத்துக்கு வெளியே

மாரிக்கனி வில்லைத் தொட்டது கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி படித்தபோது. கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. கணவன் பாண்டிதுரை ராஜபாளையத்தில் ஜிம் நடத்துகிறவன். வில்லைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லாத மாப்பிள்ளை கிடைத்தான் என்று சந்தோஷப்பட்டாள்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. காலையில் இலக்குப் பலகையின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்துக்குள் போய்க் குத்தும் அம்புகள், மதியத்துக்கு மேல் சிதறும். வில் பிடித்த கை நடுங்கும். அதை முதலில் கண்டுபிடித்தவன் பாண்டிதுரைதான்.

"கண்ணுல குறையில்லட்டி. தோள்ல வலுவில்ல."

ரப்பர் பட்டையை இழுக்க வைத்தான். நாணை இழுத்தபடியே நிற்க வைத்தான். இடுப்புக்கும் முதுகுக்கும் பயிற்சி கொடுத்தான். கை நிலைத்தது. மாவட்டப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். ஜிம் வாசல் போர்டில் அவள் படம் ஏறியது.

மாநிலத் தேர்வு நெருங்கியதும் அவன் புதுச் சட்டம் போட்டான். மஞ்சளுக்கு வெளியே போகும் ஒவ்வொரு அம்புக்கும் பத்து தண்டால். அடித்துவிட்டு எழுந்தால் கை நடுங்கும். நடுங்கும் கை விட்ட அம்பும் வெளியேதான் போகும். மறுபடி தண்டால். ஜிம்முக்கு வருகிறவர்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

"ஓஞ்ச கையில குறி நிக்காதுங்க. செத்த நேரம் விடுங்க."

"போட்டியில எவ ஒனக்குச் செத்த நேரம் குடுப்பா? படு கீழ."

வலது தோள் வீங்கியது. தலை சீவக் கை எழும்பவில்லை. ராத்திரி அவனே தைலம் தேய்த்துவிடுவான். விடிந்ததும் அதே தோளில் எடையை ஏற்றுவான்.

மதுரையில் தேர்வு. மூன்றாவது அம்புக்கு நாணை இழுத்தபோது தோளுக்குள் ஏதோ அறுந்தது. அம்பு பாதி தூரத்தில் புல்லில் விழுந்தது. வில்லை நழுவவிட்டு அவள் மடங்கி உட்கார்ந்தாள். பாண்டிதுரை ஓடி வந்தான். வில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்ல வேள, வில்லுக்கு ஒண்ணுமில்ல."

தசைநார் கிழிந்துவிட்டது, தைத்தாலும் இனி வில் இழுக்க முடியாது என்றார் அறுவை செய்த மருத்துவர். "அவளுக்கு மனசுல தெம்பு பத்தல" என்று பாண்டிதுரை ஜிம்மில் எல்லோரிடமும் சொன்னான். அவள் காபி கொண்டுபோன நேரத்திலும் சொன்னான்.

அடுத்த மாதமே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பிரிஸ்கில்லா என்ற பெண் பயிற்சிக்கு வந்தாள். அதே வில். அதே சட்டம். பாண்டிதுரை போன் பேச வெளியே போன நேரம் பார்த்து மாரிக்கனி அவளிடம் ஓடினாள். ரவிக்கையை விலக்கித் தோளில் இருந்த தையல் தழும்பைக் காட்டினாள்.

"எந்திரி தாயி. கை ஓஞ்ச பொறவு அம்பு விடாத. என்னயப் பாத்தேல்ல?"

தரையில் கையூன்றிக் கிடந்த பிரிஸ்கில்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பொறாமையில இப்படித்தான் பேசுவீகன்னு சார் மொதல்லயே சொல்லிட்டாரு அக்கா" என்றாள். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து தண்டாலை எண்ணத் தொடங்கினாள்.