ஜன்னலில் ஒரு கம்பி குறைவு

எங்கள் அப்பா வெண்டைக்காயைக்கூட முனை ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். அப்படிப்பட்டவர் ஜன்னல் வாங்கப் போனால் கேட்க வேண்டுமா? மூன்று சனிக்கிழமைகள் பழவங்காடிப் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கினோம். மரமா, அலுமினியமா, கண்ணாடி வெள்ளையா, பச்சையா என்று அவர் கேட்ட கேள்விகளில், மூன்றாவது சனிக்கிழமை ஒரு கடைக்காரர் எங்களைக் கண்டதும் சாப்பிடப் போய்விட்டார்.

கரமனை அக்ரஹாரத்தில் எங்களுடையது பாதி வீடு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். முற்றம் பெரியப்பாவின் பங்குக்குப் போயிற்று. அந்த மனஸ்தாபத்தில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு நாலு வருஷம். ஒரு வீட்டார் மறு வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை. எங்கள் அடுக்களை ஜன்னல் மட்டும் அந்த முற்றத்தைப் பார்த்து இருந்தது. அதையும் அடைத்தால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும் என்பதால் விட்டுவைத்திருந்தார்கள்.

அந்த ஜன்னலின் மரக் கம்பிகளில் ஒன்றைக் கரையான் தின்றிருந்தது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அந்த இடைவெளி போதும். ஆண்கள் இருவரும் ஆபீசுக்குப் புறப்பட்டதும், மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்று அந்த வழியாகப் போய்வரும். பெரியம்மாவின் மாம்பழப் புளிசேரி வந்த நாளில் அப்பா இரவில் இன்னொரு தரம் சாதம் கேட்பார். "இன்னிக்கு உன் கை நன்னாருக்கே" என்பார் அம்மாவிடம். அம்மா தலையை நிமிர்த்த மாட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

ஆனால் கரையான் மற்றக் கம்பிகளையும் விட்டுவைக்கவில்லை. தள்ளித் திறக்கும் அலுமினிய ஜன்னலும், உள்பக்கம் நெருக்கக் கட்டம் போட்ட இரும்பு கிரில்லும் என்று கடைசியில் முடிவாயிற்று. "பூனைகூட நுழையாது" என்று அப்பா பெருமைப்பட்டார். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"கொஞ்சம் அகலக் கட்டமாப் பாக்கப்படாதா?"

"எதுக்கு?"

எதற்கென்று அவள் எப்படிச் சொல்வாள்? திங்கட்கிழமை காலை, சம்படத்தை என் பள்ளிக்கூடப் பையில் வைத்தாள். "கிரில் பண்ற அண்ணாச்சிகிட்ட இதைக் காட்டு. அடிமூலையில இது கடக்கற மாதிரி வழி விடச் சொல்லு. அப்பாகிட்ட இதைப் பத்தி மிண்டப்படாது, கேட்டியாடீ?"

அண்ணாச்சி நாகர்கோவில்காரர். ஆற்றுப்பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். சம்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆரு சொன்னது மக்கா? அப்பாவா, அம்மையா?"

"அம்மா."

"அப்பம் செஞ்சுதான் ஆவணும்" என்று சாக்கட்டியால் தரையில் கோடு போட்டார். அளவு நாடாவின் மறுமுனையை நான்தான் பிடித்தேன். ஒன்பது வயதில் அவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய ஜன்னலைப் பெயர்த்தார்கள். சுவரில் பெரிய ஓட்டை. அந்தப் பக்கம் முற்றத்தில் பெரியப்பா நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அப்பா. நடுவில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இருவரும் அண்ணாச்சியை மட்டுமே பார்த்தார்கள். பாவம், அவர் வேலை செய்வதை அவ்வளவு உன்னிப்பாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிரில்லைத் தூக்கி வைத்ததும் அப்பாவின் கண் நேரே அடிமூலைக்குப் போயிற்று. அங்கே ஒரு கம்பி குறைந்திருந்தது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அதை அடைக்கச் சொல்லிவிட்டால் பெரியம்மாவின் முகத்தை இனி எங்கே பார்ப்பது? அப்பா குனிந்தார். அந்த வழியில் கையை விட்டார். விரல்களை விரித்துச் சாண் போட்டுப் பார்த்தார்.

"இது போறாது" என்றார் அண்ணாச்சியிடம். "ஓணத்துக்குப் பாயசம், பிரதமன்னு வர்ற பாத்திரம் இதுல கடக்காது. இன்னும் ரெண்டு இஞ்ச் கூட்டுங்கோ."

முற்றத்தில் பேப்பர் தாழ்ந்தது. "மூணாக் கூட்டட்டும்" என்றது பெரியப்பாவின் குரல், யாரிடம் என்றில்லாமல்.

அண்ணாச்சி கிரில்லைக் கழற்றித் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அளந்து கொடுத்தது நானல்லவா? மூன்று இஞ்ச் தப்பு! அடுக்களை மூலையில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தால் அம்மாவும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். அளவு தப்பிய வருத்தம் அவளுக்கும் இருக்கும்தானே? எழுந்து போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அழாதேம்மா, அடுத்த தரம் சரியா அளக்கறேன்" என்று தேற்றினேன்.